அழகு ராணி வாத்தியாரம்மா ஆன கதை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் திடீரென்று உறவினர்கள் பெருகிவிடுவார்கள். மற்ற மாதங்களில் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் ஜூன் பிறந்ததும் டெலிபோனில் கூப்பிட்டு, "சௌக்கியமா? அருவியில் தண்ணீர் எப்படி?" என்று ஒரே மூச்சில் விசாரிப்பார்கள். நானும் அந்த ரகந்தான். கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் வீடு, காசிவிசுவநாதர் கோயில் கோபுரம் தெரிகிற தெருவில் இருக்கிறது. அங்கிருந்து அருவிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். இப்படிப்பட்ட நண்பரை யார்தான் மறப்பார்கள்?

பேரருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, கையில் ஒரு பை மங்குஸ்தான் பழத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. ஆனால் வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே சாப்பாட்டை விட முக்கியமான சங்கதி ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று.

விஷயம் இதுதான். என் நண்பரின் தங்கை திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். கெட்டிக்காரப் பெண். கல்லூரி விழாவில் அவளை 'அழகு ராணி' என்று தேர்ந்தெடுத்து, ஜிகினாக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம் ஒன்றைத் தலையில் வைத்து அனுப்பிவிட்டார்கள். அத்தோடு போயிருந்தால் வம்பில்லை. சென்னையில் நடக்கப் போகும் அழகிப் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. திரிஷா 1999-ல் மிஸ் மெட்ராஸ் பட்டம் வாங்கினாங்க. அப்புறம் எங்கேயோ போயிட்டாங்க. சினிமா வேண்டாம், எனக்கு டி.வி. நாடகம் போதும். பட்டம் கிடைச்சால் தானே கூப்பிடுவாங்க!" என்றாள் அவள்.

"தம்பி, ஒன்றும் தப்பாகச் சொல்லலை. ஆனால் போட்டோ ஊரெல்லாம் போனால், நாளைக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்களோ என்று எனக்குப் பயமாக இருக்குப்பா" என்றார் தாயார்.

ஊஞ்சலில் இருந்த ஆச்சிக்கு வயது எண்பதுக்கு மேல். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்னட்டி பெரிய அழகு! குத்தாலத்து ஸீஸன் மாதிரி மூணு மாசம் கொட்டும். நாலாம் மாசம் பாறைதான் தெரியும். அப்பம் என்ன செய்வே, அதைச் சொல்லு" என்று ஒரே போடாகப் போட்டார்.

வாசகிகளே, ஆச்சி கேட்ட கேள்விதான் கேள்வி! ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒரு பெண்ணுக்குக் கிரீடம் சூட்டுகிறார்கள். பத்திரிகைகளில் படம் வருகிறது. அடுத்த வருஷம் வேறொரு பெண், வேறொரு படம். பழைய ராணிகளில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? கிரீடத்தின் ஆயுள் ஒரே வருஷம். அதற்கு அப்புறமும் ஒரு முழு ஆயுள் மீதி இருக்கிறதே! அதில் அந்தப் பெண் என்ன செய்கிறாள்?

தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு கதை தெரியும், முழுவதும் நடந்த கதை. அன்று அந்த ஊஞ்சலுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் மேடை

கதாநாயகியின் பெயர் ஸ்வரூப் சம்பத். 1958-ம் வருஷம் பிறந்தவர். தகப்பனார் பச்சு சம்பத், பம்பாயில் குஜராத்தி நாடக உலகில் பெயர் பெற்றவர். ஆகவே ஒப்பனையும் ஒத்திகையும் திரைச்சீலையும் இந்தப் பெண்ணுக்குப் புதிதல்ல.

1979-ல் 'ஃபெமினா' பத்திரிகை நடத்திய போட்டியில் 'மிஸ் இந்தியா' பட்டம் இவருக்குக் கிடைத்தது. அப்போது வயது இருபது. அந்த வருஷம் ஜூலை மாதம் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் 'மிஸ் யூனிவர்ஸ்' போட்டி. பாரத நாட்டின் பிரதிநிதியாக ஸ்வரூப் அங்கே போனார்.

உலக அழகியாகித் திரும்பினார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. கடைசிச் சுற்றுக்குக்கூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெனிசுவேலா நாட்டுப் பெண்ணுக்குக் கிரீடம் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை. பட்டம் சூட்டியானதும் புகைப்படக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு மேடையில் ஏறினார்கள். பாரம் தாங்காமல் மேடையின் ஒரு பகுதி இடிந்து உள்ளே இறங்கிவிட்டது!

"பாத்தியாட்டி! நான் சொன்னால் கேக்கமாட்டே!" என்று ஆச்சி குறுக்கிட்டார். கதை இன்னும் தொடங்கவே இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

ஊர் திரும்பிய ஸ்வரூப்பை விளம்பரக்காரர்கள் தேடி வந்தார்கள். 'சிருங்கார்' என்ற குங்குமத்துக்கு இவர் நின்ற விளம்பரம் அந்நாளில் பிரசித்தம். நெற்றியில் பொட்டு, முகத்தில் சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருக்கும். சினிமாவும் வந்தது. 1981-ல் 'நாகுதா', 'நரம் கரம்' என்ற படங்கள். 1983-ல் ஜிதேந்திராவும் ஸ்ரீதேவியும் நடித்த 'ஹிம்மத்வாலா'வில் கதாநாயகனுக்குத் தங்கை வேஷம். நம் சிவகாசிப் பக்கத்துப் பெண் ஸ்ரீதேவியை வட நாடு முழுதும் கொண்டாட வைத்த அதே படந்தான். ஆனால் அதில் ஸ்வரூப்பை யார் பெரிதாகக் கவனித்தார்கள்? அவரை வீடு வீடாக அறிமுகம் செய்து வைக்க வேறொரு பெட்டி காத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு

1984-ம் வருஷம் பாரத டெலிவிஷன் சரித்திரத்தில் முக்கியமானது. கலர் ஒளிபரப்பு 1982-லேயே வந்துவிட்டது. 1984-ல் நாடெங்கும் ஒளிபரப்பு நிலையங்களை மளமளவென்று நிறுவினார்கள். அந்த ஜூலை 7-ந் தேதிதான் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற தொடர் ஆரம்பித்தது. நம் நாட்டு டி.வி. தொடர்களுக்கெல்லாம் அதுதான் மூத்த அக்கா. அதே வருஷம் 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. 'இதுதான் வாழ்க்கை' என்று நம் பாஷையில் சொல்லலாம்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புருஷன், ஒரு மனைவி. அந்த மனைவிக்கு வேலை வெட்டி இல்லாத ஒரு தம்பி. அக்காள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவன். எல்லாருடைய வீட்டிலும் நடக்கிற கூத்துத்தான். புருஷனாக ஷஃபி இனாம்தார், மைத்துனனாக ராகேஷ் பேடி. சதீஷ் ஷா என்ற நடிகர் வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வந்து சிரிக்கவைப்பார். எழுதியவர் ஹிந்தியின் புகழ் பெற்ற நகைச்சுவை எழுத்தாளர் சரத் ஜோஷி. மனைவி ரேணுவாக நடித்தவர்தான் நம் அழகு ராணி.

வெள்ளிக்கிழமை இரவு இந்தத் தொடர் வரும் வேளையில் வடக்கே தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும் என்பார்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரேணு பாத்திரத்துக்கு அழகு ராணியே தேவை இல்லை! அழகாக நின்றால் போதாது. புருஷன் அசடு வழியும்போது எந்த நொடியில் முகத்தைத் திருப்ப வேண்டும், தம்பி சமாளிக்கும்போது எப்போது இடுப்பில் கை வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். நகைச்சுவைக்கு நேரந்தான் உயிர். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வராது. தகப்பனாரின் நாடகக் கொட்டகையில் பார்த்துப் பழகிய வித்தை இங்கேதான் கை கொடுத்தது. கிரீடம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போய் நின்றது கைத்தொழிலால்தான்.

கல்யாணக் கதை இல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். பரேஷ் ராவல் என்ற ஹிந்தி நடிகரை உங்களில் பலர் அறிவீர்கள். 1975-ல் ஒரு நாடக விழாவில் ஸ்வரூப்பைப் பார்த்த அவர், பக்கத்தில் இருந்த சிநேகிதரிடம், இந்தப் பெண்தான் தமக்கு மனைவியாகப் போகிறவள் என்று அப்போதே சொல்லிவிட்டாராம். சொன்னது என்னவோ ஒரு நொடியில். கல்யாணம் நடந்தது 1987-ல். பன்னிரண்டு வருஷம்! குறிஞ்சி ஒரு முறை பூத்து மறு முறை பூக்கிற காலம். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஸ்வரூப் திரையிலிருந்து மெல்ல விலகிக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா அண்ணே?" என்று நண்பரின் தங்கை முகம் வாடிக் கேட்டாள். தாயார் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. "நல்ல இடத்தில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

வேண்டியது இருக்கிறது அம்மா, என்றேன்.

மறுபடியும் மாணவி

குற்றாலத்தில் பிறந்த குறவஞ்சி நாடகத்தை நினைத்துப் பாருங்கள். திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. அதில் அழகி யார்? பந்தாடுகிற வசந்தவல்லி. அவள் அழகை வர்ணித்துக் கவிராயர் மாய்ந்து போகிறார். ஆனால் நூலின் பெயர் 'வசந்தவல்லி' அல்ல, 'குறவஞ்சி'. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய், கை பார்த்துக் குறி சொல்லி, உழைத்துச் சாப்பிடுகிறாளே, அந்தக் குறத்தியின் பெயரைத்தான் கவிராயர் நூலுக்கு வைத்தார். அழகியைப் பார்க்க வந்தவர்கள் குறத்தியின் பேச்சில் மயங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஸ்வரூப்பின் வாழ்க்கையிலும் வசந்தவல்லியின் பகுதி முடிந்து, குறவஞ்சியின் பகுதி இங்கேதான் ஆரம்பமாகிறது.

நாற்பது வயதுக்குப் பிறகு நம் வீட்டுப் பெண்களில் பலர், "இனிமேல் எனக்கு என்ன படிப்பு!" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஸ்வரூப் அப்போதுதான் புஸ்தகத்தை எடுத்தார். படிப்பில் பின்தங்கும் குழந்தைகள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைகள் — இவர்களை நாடகத்தின் மூலம் கைதூக்கிவிட முடியுமா? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. இங்கிலாந்தில் உள்ள வூஸ்டர் சர்வகலாசாலை 2006-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. மிஸ் ஸ்வரூப், திருமதி ஸ்வரூப் ஆகி, டாக்டர் ஸ்வரூப் ராவல் ஆனார்!

நாடகத்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு குழந்தை இருக்கலாம். வாய் கிழியப் பேசும். புஸ்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் கண்ணெதிரே குதிக்கும். வகுப்பில், "மக்கு" என்று பெயர் வைத்துவிடுவார்கள். நாளடைவில் அந்தக் குழந்தையே தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கிவிடும். எழுத்து வராததை விடப் பெரிய நஷ்டம் அதுதான்.

அந்தக் குழந்தையை மளிகைக் கடைக்காரனாக நடிக்கச் சொல்லுங்கள். இன்னொரு குழந்தை சாமான் வாங்க வரட்டும். விலை பேச வேண்டும். கணக்குப் போட வேண்டும். கோபிக்கிற வாடிக்கைக்காரரைச் சமாதானம் செய்ய வேண்டும். தப்பு வந்தால் அது கடைக்காரனின் தப்பு, குழந்தையின் தப்பு அல்ல. அதனால் பயம் இல்லை. பயம் போனதும் புத்தி வேலை செய்கிறது. பிறர் மனசை அறிவது, யோசித்து முடிவு செய்வது, கோபத்தை அடக்குவது, கூச்சமில்லாமல் பேசுவது ஆகியவற்றை 'வாழ்க்கைத் திறன்கள்' என்று உலக சுகாதார ஸ்தாபனம் பட்டியல் போட்டிருக்கிறது. மனப்பாடம் செய்து இவற்றைக் கற்க முடியுமா? பழகித்தான் கற்க வேண்டும். பழகுவதற்கு நாடகத்தை விடத் தோதான இடம் ஏது?

டாக்டர் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஸ்வரூப் சும்மா இருக்கவில்லை. குஜராத்தில் கிராமப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். விளையாட்டு, பாட்டு, சித்திரம், நாடகம் — இவைதாம் அவருடைய கரும்பலகையும் சாக்குக்கட்டியும். ஒருத்தர் எத்தனை பள்ளிக்குப் போக முடியும்? ஆகவே ஆசிரியர்களைச் சேர்த்து வைத்துப் பயிற்சி கொடுத்தார். அந்த மாநில அரசாங்கமும் குழந்தைகளுக்கான கல்வித் திட்டம் ஒன்றின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது.

இரண்டாவது மேடை

இனி 2019-ம் வருஷத்துக்கு வாருங்கள். உலகத்தின் சிறந்த ஆசிரியருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு கொடுக்கிறது வார்க்கி அறக்கட்டளை. அந்த வருஷம் 179 தேசங்களிலிருந்து சுமார் பத்தாயிரம் பேர் பரிசீலனைக்கு வந்தார்கள். அவர்களில் கடைசிப் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்தப் பத்தில் ஒருவர், குஜராத்தில் லவாட் என்ற கிராமத்து ஆரம்பப் பள்ளியின் பெயரோடு நின்ற ஸ்வரூப் ராவல்!

துபாயில் முடிவு வெளியாயிற்று. கென்யா நாட்டுக் கிராமம் ஒன்றில் விஞ்ஞானம் போதிக்கும் பீட்டர் தபிச்சி என்ற துறவிக்குப் பரிசு போயிற்று.

கணக்குப் பாருங்கள், வாசகிகளே. 1979-ல் உலக மேடை ஒன்று, கிரீடம் கிடைக்கவில்லை. சரியாக நாற்பது வருஷம் கழித்து இன்னோர் உலகப் போட்டி; அதிலும் முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றாகுமா? முதல் மேடையில் இருபது வயசுப் பெண்ணின் முகத்தையும் நடையையும் பார்த்து மார்க் போட்டார்கள். இரண்டாவதில் அறுபது வயசு அம்மாளின் வேலையைப் பார்த்து மார்க் போட்டார்கள். முதல் தடவை கடைசிச் சுற்றுக்கு வெளியே நின்றவர், இரண்டாவது தடவை பத்தாயிரத்தில் பத்தாக நின்றார்.

அதே வருஷம் ஜனவரியில் வெளியான 'உரி' என்ற ஹிந்திப் படத்தில், ஞாபகம் தவறிப்போன ஒரு வயதான தாயாகவும் நடித்தார். 'மிஸ் இந்தியா'வாக இருந்தவர் கிழவி வேஷம் போடக் கூசவில்லை. அழகை மூலதனமாக மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வயது ஒரு பூதம். தொழிலை வைத்திருப்பவர்களுக்கு அது இன்னொரு வேஷம், அவ்வளவுதான்.

"நம்ம ஊர்ப் பக்கம் யாரும் இப்படி இல்லையா?" என்று தாயார் கேட்டார். ஏன் இல்லை? சென்னையில் 1930-ல் பிறந்த இந்திராணி ரஹ்மான் 1952-ல் மிஸ் இந்தியா ஆனார். பட்டம் வாங்கும்போதே கல்யாணமாகி, தாயாகவும் ஆகியிருந்தார்! அந்த வருஷம்தான் முதன்முதலாக நடந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டிக்கு அமெரிக்கா போனார். ஆனால் இன்று அவரை யாரும் அழகு ராணி என்று சொல்வதில்லை. நாட்டியக் கலைஞர் என்றுதான் சொல்கிறார்கள். நம் பரதத்தையும் ஒடிஸியையும் உலகமெல்லாம் கொண்டுபோய்க் காட்டி, 1969-ல் பத்மஸ்ரீ பெற்று, 1976 முதல் நியூயார்க்கில் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். 1999-ல் காலமானார். பாருங்கள், இவரும் கடைசியில் வாத்தியாரம்மாதான்!

ஆச்சியின் தீர்ப்பு

கதை முடிந்தது. யாரும் பேசவில்லை. வெளியே சாரல் ஓட்டுக் கூரையில் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஆச்சிதான் வாய் திறந்தார்.

"ஏட்டி, நீ படம் அனுப்பணுமா, அனுப்பு. உங்க அம்மையை நான் பாத்துக்கிடுதேன். ஆனால் மேல்படிப்புக்கு ஒரு விண்ணப்பம் போடணும்னு போன மாசம் சொன்னியே, அதை எங்கே வச்சே?"

பெண் தலையைக் குனிந்தாள். "போட்டி நாளும் அந்த நுழைவுத் தேர்வும் பக்கத்தில் பக்கத்தில் வருது ஆச்சி. அதனால்..."

"அதனால என்ன? ரெண்டையும் ஒண்ணாப் போடு. ஒண்ணுதான் போடுவேன்னா, எதை விடணும்னு நீயே சொல்லு."

அந்தக் கேள்விக்கு அன்று அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் இரவு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் தன் சான்றிதழ்களைத் தரையில் பரப்பி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய போட்டோவும் இருந்தது. எதை எதற்கு அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரெயிலுக்குப் புறப்பட்டபோது நண்பர் என்னைச் சிற்றாற்றங்கரை வழியாக அழைத்துப் போனார். முந்தின நாள் பேரருவியில் ஆயிரம் பேர், "ஆகா, ஊகூ" என்று கூவிக் குளித்த அதே தண்ணீர் அங்கே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் படம் பிடிக்கவில்லை. வாய்க்காலில் திரும்பி, வயலுக்குள் இறங்கியது. கார் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலும் மிஞ்சிய தண்ணீர் தாமிரபருணியைத் தேடிக்கொண்டு கிழக்கே போயிற்று.

ஆச்சி சொன்னது சரிதான். அருவிக்கு மூன்று மாதந்தான் ஸீஸன். ஆனால் தண்ணீருக்கு உண்மையான வேலை, விழுந்து முடிந்த பிறகுதானே ஆரம்பமாகிறது! உங்கள் வீட்டுப் பெண்ணும் நாளைக்கு ஒரு கிரீடத்தைக் கேட்டால், உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். "சரி, அதற்கு அப்புறம்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டு வையுங்கள்.